நாற்பத்து நான்கு பச்சைப் பொட்டுகள்

திங்கட்கிழமை காலையில் ஹர்ஷிணியும் அவளுடைய தோழி ஃபஹீமாவும் நாற்பது தெருநாய்களுக்குப் பச்சைப் பொட்டு வைத்தார்கள். புதன்கிழமை காலையில் அதே வீதிகளில் நடந்து எண்ணியபோது, பச்சைப் பொட்டோடு நாற்பத்து நான்கு நாய்கள் திரிந்துகொண்டிருந்தன.

சத்தி ரோட்டோரப் பேக்கரியின் பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் தங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தார்கள். கழித்துப் பார்த்தார்கள். ஃபஹீமாவின் தேங்காய் பன்னில் எறும்பு ஏறிவிட்டது. அவள் அதைத் தட்டிவிட்டுக் கேட்டாள்.

"ஏண்டி, நாய் குட்டி போட்டா பொட்டோடயா போடும்?"

ஹர்ஷிணிக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு நாய் கூடியதற்கு இவ்வளவு அதிர வேண்டுமா என்று அந்தப் பக்கம் போகிற யாரும் நினைக்கலாம். அவள் ஏன் அதிர்ந்தாள் என்பது புரிய, நாய்களுக்குப் பொட்டு எதற்கு என்பது தெரிய வேண்டும்.

ஒரு டப்பா நிறையத் தட்டைப்பயறு இருக்கிறது. எத்தனை என்று தெரிய வேண்டும், ஆனால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஒரு கைப்பிடி எடுத்து எண்ணுகிறோம். நாற்பது. அந்த நாற்பதுக்கும் மையால் புள்ளி வைத்து, திரும்ப டப்பாவில் போட்டு நன்றாகக் குலுக்குகிறோம். இப்போது மறுபடி ஒரு கைப்பிடி. அதில் பாதிப் பயறில் புள்ளி இருந்தால், டப்பாவிலும் பாதிப் பயறில் புள்ளி இருக்கும் என்று கொள்ளலாம். புள்ளி வைத்தது நாற்பது. அது பாதி என்றால் மொத்தம் எண்பது. கைப்பிடியில் கால்வாசிதான் புள்ளியென்றால் மொத்தம் நூற்று அறுபது. இவ்வளவுதான் கணக்கு. மீனுக்கும் தவளைக்கும் நாய்க்கும் இதே கணக்குத்தான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வைத்த புள்ளி அழியக் கூடாது. பாடப் புத்தகங்கள் இதைப் பக்கம் பக்கமாக எச்சரிக்கின்றன. சாயம் மழையில் கரையும், வளையம் கழன்று விழும் என்றெல்லாம் சொல்கின்றன. புள்ளி தானாகக் கூடுமா என்பதைப் பற்றி ஹர்ஷிணி படித்த எந்தப் புத்தகமும் பேசவில்லை. பயறு தனக்குத்தானே மை வைத்துக்கொள்ளாது.

புதன்கிழமை அவர்கள் பார்த்த நாய்கள் மொத்தம் எழுபத்தெட்டு. பொட்டு வைத்த நாற்பதில் சில எப்படியும் கண்ணில் படாமல் போகும். லாரிக்கு அடியில் தூங்கும், அடுத்த பேட்டைக்குப் போயிருக்கும். இருபத்தைந்து, முப்பது கிடைத்தால் சரி. நாற்பதும் கிடைத்திருந்தால்கூடச் சந்தேகப்பட வேண்டும். கிடைத்ததோ நாற்பத்து நான்கு.

அடுத்த திங்கட்கிழமை அவளுக்கு நேர்காணல். மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையம், உயிரினங்களின் எண்ணிக்கை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பதை ஆராயும் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆள் எடுத்தது. உதவித்தொகையோடு இரண்டே இடம். பட்டியலில் வந்தவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வாழும் ஏதாவது ஓர் உயிரினத்தை மதிப்பிட்டு, ஓர் எண்ணோடு வாருங்கள். அந்த எண் தவறாக இருந்தால் அது உங்களுக்கு எப்படித் தெரியவரும் என்பதையும் சொல்லுங்கள்.

இந்த இடம் கிடைக்காவிட்டால் அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை காத்திருந்தது. அவளுடைய அப்பா நரசிம்மலுவின் சிநேகிதர் சொல்லி வைத்த வேலை. முதல் தேதி சேர வேண்டும். துணியில் ஓட்டை தேடுவது மோசமான வேலையில்லை. ஆனால் விலங்கியலில் முதுகலை முடித்த ஹர்ஷிணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே ஆசைதான். போன வருடம் கூட்டமாக வந்த தும்பி இந்த வருடம் எங்கே போனது என்று கேட்டு, பதில் தேடுவதையே பிழைப்பாகக் கொள்ள வேண்டும் என்பது. அதற்கு இந்த ஓர் எண் வேண்டும்.

முதலில் தங்கள் மேலேயே சந்தேகப்பட்டார்கள். ஒரே நாயை இருவரும் எண்ணியிருக்கலாம். சாயம் ஒட்டியிருக்கலாம், நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்குபவை. ஹர்ஷிணி வைத்தது ஆட்டுக்கு அடையாளம் வைக்கிற பச்சைச் சாயம். கால்நடை மருந்துக் கடையில் வாங்கியது, தண்ணீரில் கலக்குவது, நாய் நக்கினாலும் கெடுதல் இல்லாதது. நீளக் குச்சியில் பஞ்சு கட்டி, பிஸ்கட் தின்கிற நேரத்தில் பின்முதுகில் ஒரு ஒற்று. மிச்சமிருந்த சாயத்தைத் துணியில் ஒற்றி, மேலே இன்னொரு துணியை அழுத்திப் பார்த்தாள். சீக்கிரமே காய்ந்துவிட்டது, மேல்துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒட்டினாலும் தீற்றலாகத்தான் ஒட்டும். அவர்கள் பார்த்தவையெல்லாம் வட்டமான பொட்டுகள்.

வியாழக்கிழமை விடிந்ததும் மறுபடி நடந்தார்கள். இந்த முறை இருவரும் சேர்ந்தே போனார்கள், ஒரு நாயையும் இரண்டு தடவை எண்ணிவிடாமல். எண்பத்திரண்டு நாய்கள். பச்சைப் பொட்டு நாற்பத்தொன்பது.

ஃபஹீமா நடுவீதியில் நின்றுவிட்டாள். உக்கடத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள் அவள். இது பேய் வேலையென்றால் தான் இப்போதே வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

திரும்பி வரும்போது கிரைண்டர் கடை வாசலில் ஒரு வெள்ளைப் பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் பச்சைப் பொட்டு.

அவர்கள் ஒரு பூனையையும் தொட்டதில்லை.

ஹர்ஷிணி குந்தி உட்கார்ந்து அந்தப் பொட்டை விரலால் தடவினாள். முடி ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாக இருந்தது. சாயம் மங்கலாக இருக்கும், இது பளபளத்தது. முகர்ந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து தெரிந்த வாசனை. அப்பாவின் பட்டறையில் மோட்டார் பம்புக்கு அடிக்கிற பச்சை எனாமல் பெயிண்ட்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கோமளா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். ஹர்ஷிணி கேட்டதும் அவள் முகத்தில் ஒரு மறைப்பும் இல்லை. பெருமைதான் இருந்தது.

"நாந்தான் வெச்சேன் கண்ணு, நம்ம கருவாயனுக்கு. ஊரு நாய்க்கெல்லாம் வெச்சுப்போட்டு நம்ம ஊட்டு வாசல்ல கெடக்கறவனுக்கு வெக்காம உட்டுட்டயே."

கருவாயன் என்பது வாய் மட்டும் கறுத்த ஒரு செவலை நாய். திங்கட்கிழமை அது எங்கோ சுற்றப் போயிருந்தது, அதனால் பொட்டு வாங்கவில்லை. பொட்டு இல்லாவிட்டால் என்ன என்று ஹர்ஷிணி கேட்டாள்.

"வண்டில தூக்கிப் போட்டுட்டுப் போயிருவாங்கல்ல. தெருநாயெல்லாம் பிடிக்கப் போறாங்கன்னு டிவில தெனமும் சொல்றான். போன வருசம் ஊசி போட வந்தாங்களே, ஊசி போட்டதுக்கெல்லாம் முதுகுல கலர் அடிச்சு உட்டாங்க. கலர் இல்லாததைத்தான் மறுநாள் வந்து வலை போட்டுப் பிடிச்சாங்க."

அது உண்மைதான். வெறிநாய்க்கடி ஊசி முகாமில், ஊசி போட்ட நாய்க்கே மறுபடி போடாமலிருக்க நிறம் தெளிப்பார்கள். நிறம் கண்டால் வலையோடு வருபவர் விட்டுவிட்டுப் போவார். இந்த வீதிக்காரர்கள் அதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். திங்கட்கிழமை இரண்டு பெண்கள் வந்து பச்சை வைத்துவிட்டு, கேட்டவர்களிடம் "சும்மா கணக்கெடுக்கறோமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். எதற்குக் கணக்கு என்று சொல்லவில்லை. மிச்சத்தை வீதியே நிரப்பிக்கொண்டது. பொட்டு வைத்தது பிழைக்கும், வைக்காதது போகும்.

நரசிம்மலு பட்டறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். பெயிண்ட் எங்கிருந்து போனதென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவராகவே சொன்னார். "பாதி வீதி வந்து கேட்டுச்சு கண்ணு. நம்ம பொண்ணு செய்யற வேலைக்கு நாலு பேரு ஒத்தாசையா வாராங்களேன்னு ஆளுக்குக் கொஞ்சம் ஊத்திக் குடுத்தேன்."

"பூனைக்குங்கப்பா?"

"கிரைண்டர் கடையம்மாவுக்குப் பயமுங்கறாங்க. நாயைப் பிடிக்க வர்றவன் பூனையைப் பார்த்தா உடுவானான்னு."

ஃபஹீமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹர்ஷிணி படியில் உட்கார்ந்தாள். தன் வீட்டுப் பெயிண்ட், தன் அப்பா கையால், தன் கணக்குக்குள் ஊற்றப்பட்டிருந்தது. அதுவும் அன்பால்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. பளபளப்பது எனாமல், மங்கலாக இருப்பது சாயம். கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். இருவரும் மறுபடி ஒரு சுற்று நடந்து, காலையில் கண்ட பொட்டு நாய்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிரித்தார்கள். நாற்பத்தொன்பதில் இருபத்தெட்டு பளபளத்தன. மங்கல் இருபத்தொன்று. எண்பத்திரண்டில் இருபத்தொன்று, ஏறக்குறைய கால்வாசி. கணக்குப் போட்டால் மொத்தம் நூற்று ஐம்பத்தாறு நாய்கள் வந்தன.

நம்பக்கூடிய எண். ஃபஹீமா கையை உயர்த்தி ஹர்ஷிணியின் கையில் அடித்தாள். கள்ளப் பொட்டை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையே நேர்காணலில் கதையாகச் சொல்லலாம், எல்லாரும் மயங்கிவிடுவார்கள் என்றாள். ஹர்ஷிணிக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தச் சந்தோஷம் கீழ வீதி முனை வரைக்கும்தான் இருந்தது.

அங்கே ஒரு வீட்டுக் குழாயடியில் மாசாணியம்மாள் என்ற பெண் ஒரு நாயைக் கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்து, சீயக்காய் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஓடிய தண்ணீர் பச்சையாக இருந்தது. மங்கலான பச்சை. ஹர்ஷிணி கையால் வைத்த பச்சை.

மாசாணியம்மாள் வீட்டார் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்தவர்கள். ஆட்டு யாவாரம். ஹர்ஷிணியைக் கண்டதும் அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, எதுக்குங்க அதைக் கழுவறீங்க?" என்று ஹர்ஷிணி கேட்டாள்.

"ஏனம்மணி, சந்தைல வெலை முடிஞ்சா ஆட்டு முதுகுல இந்தச் சாயத்தைத்தான் வெப்பாங்க. வெச்சாச்சுன்னா அது வண்டி ஏறப் போகுதுன்னு அர்த்தமுங்க. நீங்க வந்து என்ற நாய்க்கு அதே சாயத்தை வெச்சு, பிஸ்கோத்தும் குடுத்துட்டுப் போறீங்க. நா என்னன்னு நெனைக்கறது? என்னைக் கேக்காம என்ற நாய்க்கு யாருங்க வெலை பேசுனது?"

இது விற்பனையில்லை, கணக்கு என்று ஃபஹீமா விளக்கினாள். மாசாணியம்மாள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. வேறு யாரெல்லாம் கழுவினார்கள் என்றதற்கு, கழுவாத ஆளைத்தான் தேட வேண்டும் என்றாள். கீழ வீதியில் பாதிப் பேர் ஆட்டு யாவாரிகள். அந்தப் பச்சையைப் பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்குப் புரிந்திருந்தது. எத்தனை நாய் கழுவப்பட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரே பொட்டு. ஹர்ஷிணியின் வீடு இருக்கும் மேல வீதியில் அது உயிர் காக்கும் அடையாளம், இல்லாத நாய்க்கும் வைத்தார்கள். கீழ வீதியில் அது கொண்டுபோகும் அடையாளம், இருந்த நாயிடமிருந்தும் அழித்தார்கள். இரண்டு வீதியும் தாங்கள் கண்ணால் கண்ட ஒரு வழக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்திருந்தன. இரண்டிலும் நாய்மேல் பாசம்தான் காரணம்.

பொட்டைக் கூட்டியதற்கும் அழித்ததற்கும் கணக்கில் என்ன வித்தியாசம் என்று ஃபஹீமா கேட்டாள். ஹர்ஷிணி அவளுக்குப் பொறுமையாகச் சொன்னாள். கூடின பொட்டு கண்ணுக்குத் தெரிகிறது, பளபளக்கிறது, அதைக் கழித்துவிடலாம். அழிந்த பொட்டு எங்கே தெரியும்? கழுவின நாய், பொட்டே வாங்காத நாயைப் போலத்தான் நிற்கும். அந்த நூற்று ஐம்பத்தாறும் பொய். சுத்தமான எண்ணைப் போலத் தோன்றுகிற பொய்.

அதைவிடப் பெரிய பயம் பேக்கரிக்குத் திரும்பி வரும்போது வந்தது. அப்பா இன்னும் கொஞ்சம் கஞ்சத்தனமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேல வீதியில் பத்துப் பேருக்கு மட்டும் பெயிண்ட் கிடைத்திருந்தால், புதன்கிழமை நாற்பத்து நான்குக்குப் பதில் மங்கல் இருபத்தொன்றும் எனாமல் பத்துமாக முப்பத்தொன்று வந்திருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் நூறு நாய் வரும். அழகான, நம்பக்கூடிய நூறு. யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அவளே பட்டிருக்க மாட்டாள். எண் தவறென்று காட்டிக்கொடுத்தது அவளுடைய அறிவில்லை, வீதியின் தாராளம். பெஞ்சில் உட்கார்ந்து அவள் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள்.

நூற்று ஐம்பத்தாறையே கொண்டுபோகலாம், கீழ வீதிக் குழாயடி நேர்காணல் அறையிலிருந்து தெரியாது என்று ஃபஹீமா மெதுவாகச் சொன்னாள். இடம் கைவிட்டுப் போவதைப் பார்க்க அவளுக்கு மனசில்லை. ஹர்ஷிணி மாட்டேன் என்று தலையசைத்துவிட்டாள். எண் தவறானால் எப்படித் தெரியும் என்றுதான் அங்கே கேட்கப் போகிறார்கள். தவறென்று தெரிந்துபோன பிறகு அந்த எண்ணை எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை அவள் கணக்கை ஓரமாக வைத்தாள். எனாமலை நக்கினால் நாய்க்குக் கெடுதல். முதலில் அதை எடுக்க வேண்டும். தேங்காயெண்ணெய் தடவி, ஊறவிட்டு, சீப்பால் வாரினால் முடியை விட்டு வரும். கோமளா எண்ணெய்த் தூக்கோடு வந்தாள். நரசிம்மலு தலை கவிழ்ந்தபடி கருவாயனைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் ஊறுவதற்குள் நாய்கள் கையை உதறிக்கொண்டு ஓடின. வேறொரு வீதி வழியாகத் திரும்பி வந்தன. எதற்கு எண்ணெய் வைத்தோம், எதற்கு வைக்கவில்லை என்று கோமளாவுக்கும் ஃபஹீமாவுக்கும் வாக்குவாதம். எண்ணெய் வைத்தது எல்லாமே வெயிலில் ஒரே மாதிரி மினுமினுத்தது, சிலவற்றில் மதியத்துக்குள் காய்ந்தும் போனது. அந்த வம்பை நிறுத்த, பிடித்த ஒவ்வொரு நாயையும் ஹர்ஷிணி செல்போனில் படமெடுக்க ஆரம்பித்தாள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

சாயங்காலம் ஒரு செவலை வந்து நின்றது. இது முடிந்துவிட்டது என்றாள் கோமளா. இல்லவே இல்லை என்றாள் ஃபஹீமா. ஹர்ஷிணி படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இடது காது நுனியில் கிழிசல், வால் வலப்பக்கம் சுருண்டது, முன்கால் ஒன்றில் வெள்ளை. காலையில் எடுத்த படத்தில் அதே கிழிசல், அதே சுருள், அதே வெள்ளை. கோமளா சொன்னது சரி.

படத்தையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தபடி ஹர்ஷிணி அப்படியே நின்றாள். இந்த நாயின் மேல் பொட்டு இல்லை. சாயமும் இல்லை, எனாமலும் இல்லை. இருந்தும், இதை முன்பே பார்த்திருக்கிறேன் என்று அவளால் சத்தியம் செய்ய முடிந்தது. பொட்டு செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதானே.

ஃபஹீமாவின் அண்ணன் ரிஃபத் கல்யாண வீடுகளில் படமெடுப்பவன். தூரத்திலிருந்து எடுக்கிற நீளமான லென்ஸ் அவனிடம் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் முகூர்த்தத்துக்கு முன்னால் கேமரா கைக்கு வந்துவிட வேண்டும் என்ற கண்டிப்போடு கொடுத்தான். எண்ணெய் வைத்த நாய்கள், தங்களைப் பிடித்துச் சீப்பால் வாரிய ஹர்ஷிணியைக் கண்டு ஓடும் என்பதால் சனிக்கிழமை ஃபஹீமாவே கேமராவைத் தூக்கினாள்; ஹர்ஷிணி பின்னால் தள்ளி நடந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. பிறகு இருவரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து, இரண்டு நாள் படங்களையும் ஒப்பிட்டார்கள். கண் எரிந்தது. செவலை நாய்கள் எத்தனை விதமாகச் செவலையாக இருக்கின்றன என்பதை அவர்கள் அதற்கு முன் கவனித்ததே இல்லை.

திங்கட்கிழமை நேர்காணல் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பேராசிரியை. ஹர்ஷிணி முதல் படமாகத் தன் தோல்வியைத்தான் காட்டினாள். பொட்டு வைத்தது நாற்பது, திரும்பக் கண்டது நாற்பத்து நான்கு.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். தட்டச்சுப் பிழையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, ஹர்ஷிணி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஊசி முகாம், மோட்டார் பெயிண்ட், பூனை, சீயக்காய். பூனை வந்த இடத்தில் ஒரு உறுப்பினர் சிரித்தார். சீயக்காய் வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அவர் கிராமங்களில் நாய்க் கணக்கு எடுப்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது. பெயிண்ட் அடித்துத்தான் எடுப்பார். தர்மபுரிப் பக்கம், ஈரோட்டுப் பக்கம், எல்லாம் ஆட்டுச் சந்தை ஊர்கள். அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

"நான் எடுத்த ஊர்ல எவ்வளவு பேர் கழுவியிருப்பாங்க?" என்று கேட்டார். அவளைக் கேட்ட மாதிரி இல்லை.

"தெரியாதுங்க சார். எண் நல்லா வந்திருந்தா, தெரிய வழியே இல்லீங்க."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கூரையைப் பார்த்தார். அந்த முகத்தை ஹர்ஷிணிக்கு நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை பேக்கரிப் பெஞ்சில் அவளுக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

அவளை வெளியே உட்கார வைத்தார்கள். கதவு மூடியிருந்தது, உள்ளே பேச்சு நெடுநேரம் நீண்டது. மறுபடி கூப்பிட்டபோது பேராசிரியை நேராகவே கேட்டார், ஜூலை முதல் வாரத்தில் சேர முடியுமா என்று. முடியும் என்றாள் ஹர்ஷிணி.

அவள் எழப்போனபோது அந்த உறுப்பினர் கையமர்த்தினார். அடுத்த வாரம் தன் மாணவர்கள் ஓர் ஊருக்குக் கிளம்புகிறார்கள், பெயிண்ட் டப்பா வாங்கியாகிவிட்டது, இப்போது அவர்களிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டார்.

ஹர்ஷிணி சொன்னாள். பெயிண்டை விட்டுவிடுங்கள். நாயைத் தொட வேண்டாம், பிஸ்கட் போட வேண்டாம். பிஸ்கட் தின்றது மறுநாள் தேடி வரும், பயந்தது ஒளியும், இரண்டும் கணக்கைக் கெடுக்கும். முதல் நாள் காலையில் எல்லா வீதியிலும் ஒரு சுற்று நடந்து, காண்கிற ஒவ்வொரு நாயையும் இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாகத் தூரத்திலிருந்து படமெடுங்கள். மறுநாள் அதே நேரம், அதே வழியில் அதையே செய்யுங்கள். பிறகு இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் காது, வால், கால் வெள்ளை, தழும்பு பார்த்துப் படங்களைப் பொருத்தட்டும். இருவரும் ஒப்புக்கொண்டதை மட்டும் ஒரே நாய் என்று எண்ணுங்கள், ஒப்பாததைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். எங்களுக்குச் சனிக்கிழமை அறுபத்திரண்டு நாய், ஞாயிற்றுக்கிழமை அறுபத்தாறு, இரண்டு நாளும் வந்தது முப்பத்து மூன்று. அறுபத்திரண்டை அறுபத்தாறால் பெருக்கி முப்பத்து மூன்றால் வகுத்தால் நூற்று இருபத்து நான்கு. சந்தேகமான மூன்று ஜோடியையும் ஒரே நாய்கள் என்று எடுத்துக்கொண்டால் நூற்றுப் பதினான்கு. நாயின் மேல் நாம் எதையும் வைப்பதில்லை, அதனால் யாரும் கூட்டவும் முடியாது, கழுவவும் முடியாது.